வங்க மேடையை நிலைநிறுத்திய கிரீஷ் கோஷ்: 141 ஆண்டுகளுக்குப் பின் தீர்ந்த ஒரு பெயர்க் கடன்

கொல்கத்தாவின் ஹாத்திபாகான் பகுதியில் உள்ள பழம்பெரும் ஸ்டார் தியேட்டருக்கு நடிகை பினோதினி தாசியின் பெயர் சூட்டப்படும் என்று 2024 டிசம்பர் 30 அன்று முதல்வர் மம்தா பானர்ஜி அறிவித்தார். அரசு விழா ஒன்றில் வெளியான இந்த அறிவிப்பை வங்கத்திற்கு வெளியே பலரும் வழக்கமான பெயர் மாற்றச் செய்திகளுள் ஒன்றாகவே படித்திருப்பர். ஆனால், 1883-ல் ஒரு நடிகைக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் மீறப்பட்ட வாக்குறுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வாக்குறுதியின் கதையைச் சொல்லப் புகுந்தால், இந்தியாவின் தொடக்ககாலத் தொழில்முறை நாடக மேலாளர்களில் முதன்மையானவரான கிரீஷ் சந்திர கோஷின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும்.

நடிகர், நாடகாசிரியர், பயிற்சியாளர், மேலாளர் என நான்கு பொறுப்புகளையும் ஒருங்கே சுமந்தவர் கிரீஷ். சுமார் 80 நாடகங்களை எழுதியவர். ராமகிருஷ்ண பரமஹம்சரின் இல்லறச் சீடராகத் தமிழ் வாசகர்கள் அவரை ஓரளவு அறிவர். ஆயினும், காவல்துறைக்கும் முதலாளிக்கும் ஊராரின் ஒழுக்கத் தீர்ப்புக்கும் இடையே ஒரு கலையை எப்படி நிலைநிறுத்துவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைகளும், அவற்றுக்காகப் பிறர் கொடுத்த விலையும் போதிய அளவு பேசப்படவில்லை.

டிக்கெட் விற்பனையை எதிர்த்தவர்

கிரீஷ் 1844 பிப்ரவரி 28-ல் வட கல்கத்தாவின் பாக்பஜாரில் பிறந்தார். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளியிறுதித் தேர்வில் தேறாத அவர், நூல்களைத் தேடித் தாமே கற்றார். ஆங்கில வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே பாக்பஜார் நண்பர்களுடன் சேர்ந்து நாடகம் போட்டார். தீனபந்து மித்ரா எழுதிய ‘சதவார் ஏகாதசி’யில் குடிக்கு அடிமையான படித்த இளைஞன் நிம்சந்தாக அவர் நடித்தது, அவரை நகரம் அறிந்த நடிகராக்கியது.

அக்காலத்தில் வங்க நாடகம் ஜமீன்தார்களின் மாளிகைகளில் அடைபட்டிருந்தது. அழைக்கப்பட்டோர் மட்டுமே பார்க்க முடியும். இந்த வேலியை உடைக்க நினைத்த பாக்பஜார் இளைஞர்கள், காசு கொடுத்த எவரும் பார்க்கக்கூடிய ‘நேஷனல் தியேட்டர்’ ஒன்றைத் தொடங்கினர். 1872 டிசம்பர் 7-ல் ஜோராசாங்கோவில் மதுசூதன் சன்யாலின் வீட்டு முற்றத்தில் அதன் முதல் நாடகம் அரங்கேறியது. தேர்ந்தெடுக்கப்பட்டது தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’. அவுரித் தோட்ட ஐரோப்பிய முதலாளிகளின் கொடுமையைச் சொல்லும் இந்த நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861-ல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றிருந்தார்.

வரலாற்றுச் சிறப்பு மிக்க அந்த இரவில் கிரீஷ் மேடையில் இல்லை. தக்க காட்சித் திரைகளும் அரங்கப் பொருள்களும் இல்லாமல் ‘நேஷனல்’ என்ற பெரும் பெயரைச் சூட்டிக்கொண்டு டிக்கெட் விற்பது நாட்டுக்கே இழுக்கு என்று வாதிட்டு அவர் விலகி நின்றார். நண்பர்களைக் கேலி செய்து பாட்டும் எழுதினார். மக்கள் திரண்டு வந்ததைக் கண்ட பின்னர் அவரது எதிர்ப்பு நீடிக்கவில்லை. 1873 பிப்ரவரியில் மைக்கேல் மதுசூதன் தத்தரின் ‘கிருஷ்ணகுமாரி’ நாடகத்தில் பீம்சிங்காக அவர் அதே குழுவின் மேடையில் ஏறினார்.

மேடைக்கு வந்த பெண்கள்

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பெங்கால் தியேட்டர்’ நான்கு பெண்களை நடிகைகளாகச் சேர்த்தது. அதுவரை பொது மேடையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்று வந்தனர். குடும்பப் பெண்கள் மேடை ஏறுவது நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. எனவே, நடிகைகள் பரத்தையர் வீதிகளிலிருந்தே வந்தனர். இதை ஏற்காத ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அந்த அரங்கின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். விதவை மறுமணத்துக்காகப் போராடிய சீர்திருத்தவாதியே ஏற்கத் தயங்கிய மாற்றம் என்றால், சமூகத்தின் மற்றப் பிரிவினரின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த வீதிகளிலிருந்து வந்தவர்தான் பினோதினி. 1863-ல் பிறந்த அவர், 1874-ல் ‘கிரேட் நேஷனல் தியேட்டரில்’ சேரும்போது பதினோரு வயதைத் தாண்டியிருக்கவில்லை. மறு ஆண்டு அந்தக் குழு வட இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. லக்னோவில் ‘நீல் தர்ப்பண்’ நடந்தபோது, வெள்ளைத் தோட்ட முதலாளியை விவசாயி தோராப் தாக்கும் காட்சியில், பார்வையாளர்களாக இருந்த ஐரோப்பியர் ஆத்திரமுற்று மேடை மீது பாய்ந்ததையும், குழுவினர் நாடகத்தை நிறுத்திவிட்டு ஊரை விட்டுக் கிளம்ப நேர்ந்ததையும் அவர் பின்னாளில் எழுதியுள்ளார்.

காவல்துறையின் கைக்குப் போன நாடகம்

லக்னோவில் பார்வையாளர் செய்ததைக் கல்கத்தாவில் அரசே செய்தது. 1875-ம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் கல்கத்தா வந்திருந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற உயர் நீதிமன்ற வழக்குரைஞர் அவரைத் தம் வீட்டின் அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று பெண்களைக் கொண்டு வரவேற்கச் செய்தார். ஊரே முகம் சுளித்த இந்த நிகழ்ச்சியைக் ‘கஜதானந்தனும் யுவராஜனும்’ என்ற அங்கத நாடகமாக்கி 1876 பிப்ரவரி 19-ல் கிரேட் நேஷனல் மேடையேற்றியது. காவல்துறை தடுத்தது. பெயரை மாற்றி மீண்டும் நடித்தனர். அதுவும் தடுக்கப்பட்டதும், ஹாக் என்ற காவல் ஆணையரையும் லாம்ப் என்ற கண்காணிப்பாளரையும் அவர்களின் பெயரை வைத்தே பகடி செய்து, ‘பன்றியும் ஆடும் நடத்தும் போலீஸ்’ என்ற பொருள்படும் நாடகத்தைப் போட்டனர்.

வைஸ்ராய் நார்த்புரூக் பிப்ரவரி இறுதியில் அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் 4-ல் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே காவல்துறை அரங்கிற்குள் நுழைந்து, இயக்குநர் உபேந்திரநாத் தாஸ், மேலாளர் அமிர்தலால் பாசு உள்ளிட்டோரைக் கைது செய்தது. முன்பு நடித்த ‘சுரேந்திர-பினோதினி’ என்ற வேறொரு நாடகம் ஆபாசமானது என்பதே சுமத்தப்பட்ட குற்றம். இருவருக்கும் விதிக்கப்பட்ட ஒரு மாதச் சிறைத் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றத்தில் தோற்ற அரசு, சட்டமன்றத்தில் வென்றது. 1876 டிசம்பரில் ‘நாடக நிகழ்ச்சிகள் சட்டம்’ நிறைவேறியது.

அவதூறானது, அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவது, பார்ப்போரின் ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று அரசு கருதும் எந்த நாடகத்தையும் தடை செய்ய அது வகை செய்தது. தடையை மீறி நடித்தவர், நடத்த உதவியவர், இடம் கொடுத்தவர் மட்டுமின்றி, தடையை அறிந்தே போய்ப் பார்த்தவருக்கும் மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். உடைகளையும் காட்சித் திரைகளையும் பறிமுதல் செய்யலாம்.

இந்தச் சட்டத்துக்குப் பின் வங்க மேடையின் முகம் மாறியது. உபேந்திரநாத் தாஸ் இங்கிலாந்து சென்றுவிட்டார். அந்த வெற்றிடத்தில்தான் கிரீஷ் மேலாளராக உருவெடுத்தார்.

கணக்கர் கண்ட புதிய கணக்கு

1877-ல் கிரேட் நேஷனல் அரங்கைக் குத்தகைக்கு எடுத்து மீண்டும் நேஷனல் தியேட்டர் என்று பெயரிட்டார் கிரீஷ். மதுசூதன் தத்தரின் ‘மேகநாத வதம்’ காவியத்தை நாடகமாக்கி, ராமனாகவும் மேகநாதனாகவும் தாமே நடித்தார். ‘வங்கத்தின் காரிக்’ என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் மேடையின் புகழ்பெற்ற நடிகரும் மேலாளருமான டேவிட் காரிக்கோடு ஒப்பிட்டே அந்தப் பட்டம் தரப்பட்டது.

குத்தகை நிலைக்கவில்லை. அரங்கம் கைமாறி, பிரதாப்சந்த் ஜஹுரி என்ற மார்வாரி வணிகரிடம் வந்தது. நாடகத்தை முறையான வியாபாரமாக நடத்த முனைந்த அவர், முழுநேர மேலாளர் வேண்டும் என்றார். கிரீஷ் அலுவலக வேலையை உதறிவிட்டு, அங்கு பெற்றதைவிடக் குறைந்த ஊதியத்துக்கு வந்து சேர்ந்தார். டிக்கெட் விற்பது இழுக்கு என்றவர், டிக்கெட் வருமானத்தையே நம்பி வாழும் மனிதரானார்.

நல்ல நாடகங்கள் போதிய அளவில் கிடைக்காததால் தாமே எழுதத் தொடங்கினார். 1881-ல் ‘ராவண வதம்’, ‘சீதையின் வனவாசம்’, ‘அபிமன்யு வதம்’ என்று புராண நாடகங்கள் அடுத்தடுத்து வந்தன. அவர் சொல்லச் சொல்ல உடனிருப்போர் எழுதிக்கொள்வது வழக்கம். நடிகர்கள் மூச்சு விட இடம் தரும் வகையில், வரிகளை நீட்டியும் குறுக்கியும் அவர் அமைத்த செய்யுள் நடை, அவர் பெயராலேயே ‘கைரிஷ் சந்தம்’ எனப்படுகிறது.

இந்தப் புராணத் திருப்பத்தை வெறும் பக்தி என்று கொள்வதற்கில்லை. அரசியல் பேசினால் அரங்கம் மூடப்படும். ஆபாசம் என்று எவரும் வழக்குப் போடலாம். முதலாளிக்கோ நாற்காலிகள் நிறைய வேண்டும். ராமாயணமும் மகாபாரதமும் காவல்துறை கைவைக்கத் தயங்கும் கதைகள். படித்தவரும் படியாதவரும் ஒருங்கே அறிந்த கதைகள். இந்த மூன்று நெருக்கடிகளுக்கும் ஒரே விடை அவற்றில் கிடைத்தது.

பினோதினி கொடுத்த விலை

கிரீஷின் மேடைக்கு உயிரூட்டியவர் பினோதினி. எழுத்தறிவு குறைவாக இருந்த அந்தப் பெண்ணுக்கு ஆங்கில நாடகங்களின் கதைகளையும் சாரா சிடன்ஸ் போன்ற நடிகைகளின் நடிப்பு முறைகளையும் அவர் விளக்கினார். ‘மேகநாத வதத்தில்’ ஒரே இரவில் பல வேடங்களை ஏற்கும் அளவுக்கு அவர் தேர்ந்தார்.

விடுப்பு எடுத்த நாள்களுக்குப் பினோதினிக்கு ஊதியம் தர ஜஹுரி மறுத்தது, முன்பே இருந்த மனக்கசப்பை முற்றச் செய்தது. நடிகர்கள் வெளியேறித் தமக்கென அரங்கம் வேண்டும் என்று தேடியபோது, குர்முக் ராய் என்ற இளம் வணிகர் பணம் போட முன்வந்தார். அவர் விதித்த நிபந்தனை, பினோதினி தம் பாதுகாப்பில் வாழ வேண்டும் என்பது. அரங்கம் வேண்டாம் என்றால் ஐம்பதாயிரம் ரூபாயை ரொக்கமாகவே தருவதாகவும் அவர் பினோதினியிடம் சொன்னார். பினோதினி பணத்தை மறுத்து அரங்கத்தைக் கேட்டார். கிரீஷும் சக நடிகர்களும் வற்புறுத்த, அதுவரை தம்மை ஆதரித்து வந்தவரை விட்டுப் பிரிந்து குர்முக் ராயின் நிபந்தனைக்கும் உடன்பட்டார்.

பீடன் வீதியில் கட்டடம் எழும்பியது. பினோதினி கூடையில் மண் சுமந்தார். அரங்கிற்கு அவர் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு ‘பி. தியேட்டர்’ என்று பெயரிடப்படும் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. பதிவு செய்துவிட்டுத் திரும்பிய பிறகே, ‘ஸ்டார்’ என்று பதிவாகியிருப்பது அவருக்குத் தெரிய வந்தது. பரத்தை ஒருத்தியின் பெயரைத் தாங்கிய அரங்கிற்கு மரியாதைக்குரியோர் வரமாட்டார்கள் என்பதே காரணம். 1883 ஜூலை 21-ல் ‘தட்ச யக்ஞம்’ நாடகத்துடன் ஸ்டார் திறக்கப்பட்டது. கிரீஷ் தட்சன், பினோதினி சதி. தகப்பனால் அவமதிக்கப்பட்ட மகளின் வேடம் அது.

குர்முக் ராய் விரைவிலேயே விலகினார். அரங்கில் ஒரு பங்கைப் பினோதினிக்குத் தர அவர் விரும்பினார். நிர்வாகத் தொல்லை நமக்கெதற்கு என்று பினோதினியின் தாயிடம் பேசி அதைத் தவிர்த்தவர் கிரீஷ். அமிர்தலால் பாசு, அமிர்தலால் மித்ரா உள்ளிட்ட நான்கு ஆண்கள் உரிமையாளர்களாயினர். கட்டடத்திற்குக் காரணமானவர் அதில் சம்பளம் வாங்கும் நடிகையாக மட்டுமே இருந்தார். சில காலம் அந்த இடத்திலிருந்தும் அவரை விலக்க முயற்சி நடந்தபோது, மீண்டும் அழைத்து வந்தவரும் கிரீஷ்தான் என்பதையும் பினோதினி மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1884 ஆகஸ்டில் அரங்கேறிய ‘சைதன்ய லீலா’வில் அவர் சைதன்யராக நடித்தார். செப்டம்பர் 21-ல் ராமகிருஷ்ண பரமஹம்சர் அந்த நாடகத்தைப் பார்க்க வந்து, நடிகைக்கு ஆசி வழங்கினார். ஊரார் பழித்த மேடைக்கு அதனால் ஒரு மதிப்பு வந்தது. கிரீஷின் வாழ்க்கையும் அதன்பின் திசை மாறியது. மதுவில் மூழ்கியிருந்தவர் பரமஹம்சரைக் குருவாக ஏற்றார். மேடையை விட்டுவிட அவர் எண்ணியபோது, மக்களுக்கு அதனால் நன்மை உண்டு என்று குரு தடுத்தார் என்பது சீடர்களின் பதிவு.

மேடைக்குக் கிடைத்த மதிப்பு பினோதினிக்குக் கிடைக்கவில்லை. 1887 ஜனவரி 1-ல் கடைசியாக நடித்துவிட்டு விலகியபோது அவருக்கு வயது 24-ஐத் தாண்டவில்லை. 1941-ல் மறையும் வரை அவர் மேடைக்குத் திரும்பவில்லை.

சட்டம் மீண்டும் தேடி வந்தது

1887-ல் கோபால் லால் சீல் என்ற செல்வந்தர் பீடன் வீதி அரங்கை வாங்கி எமரால்டு தியேட்டராக்கினார். மேலாளராக வருமாறு கிரீஷுக்கு 20 ஆயிரம் ரூபாய் முன்தொகையும் மாதம் 350 ரூபாய் ஊதியமும் தந்தார். அந்த முன்தொகையில் 16 ஆயிரத்தைத் தம் பழைய சகாக்களிடம் கொடுத்துவிட்டார் கிரீஷ். அதைக் கொண்டு ஹாத்திபாகானில் எழுந்த புதிய ஸ்டார், 1888 மே மாதம் அவர் புனைபெயரில் எழுதிய நாடகத்துடன் திறந்தது. பின்னர் அவரும் அங்கே திரும்பினார். ஆனால், அவர் பணத்தில் எழுந்த அதே அரங்கம் 1891-ல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. உரிமையில்லாத உழைப்பு என்னவாகும் என்பதைப் பினோதினிக்குப் பின் அவரும் உணர நேர்ந்தது.

1893-ல் மினர்வா தியேட்டரைத் தாம் மொழிபெயர்த்த ‘மேக்பெத்’துடன் திறந்தார். அறிஞர்கள் பாராட்டினர், கூட்டம் வரவில்லை. ‘அபு ஹுசேன்’ என்ற நகைச்சுவை நாடகம்தான் கல்லாவை நிரப்பியது.

1905-ல் கர்சன் வங்கத்தைப் பிரித்தபோது, அறுபதைத் தாண்டிய கிரீஷ் முப்பதாண்டுக் கால எச்சரிக்கையைக் கைவிட்டார். அந்த ஆண்டு ‘சிராஜ்-உத்-தௌலா’, 1906-ல் ‘மீர் காசிம்’, 1907-ல் ‘சத்ரபதி சிவாஜி’ என்று வரலாற்று நாடகங்களை எழுதினார். பிளாசியில் தோற்ற நவாபை வில்லனாகக் காட்டிய ஆங்கிலேயர் வரலாற்றை மறுத்து, சூழ்ச்சிக்குப் பலியான நாட்டுத் தலைவனாக மேடையில் நிறுத்தினார். இந்து-முஸ்லிம் பிரிவினையை அரசே வளர்த்த வேளையில் ஒரு முஸ்லிம் நவாபுக்காக இந்துப் பார்வையாளரைக் கண்ணீர் சிந்தச் செய்ததே அதன் அரசியல். 1911-ல் அரசு இந்நாடகங்களைத் தடை செய்தது.

அதே ஆண்டு ஜூலையில், வரதட்சணைக் கொடுமையைச் சாடும் தம் ‘பலிதான்’ நாடகத்தில் பெண்ணைப் பெற்ற தகப்பன் கருணாமயனாக அவர் கடைசியாக மேடை ஏறினார். 1912 பிப்ரவரி 8-ல் காலமானார்.

சட்டம் போனது, பெயர் வந்தது

1876-ம் ஆண்டுச் சட்டம் கிரீஷோடும் பிரிட்டிஷ் ஆட்சியோடும் மறையவில்லை. 1953-ல் லக்னோவில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையை இந்திய மக்கள் நாடக மன்றத்தினர் நாடகமாக்கியபோதும் அது அவர்கள் மீது பாய்ந்தது. 1956-ல் அலாகாபாத் உயர் நீதிமன்றம் அச்சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தமிழகமும் விலக்கல்ல. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து 1954-ல் கொண்டுவரப்பட்ட சென்னை மாநில நாடகச் சட்டம் அதே வார்ப்பில் அமைந்ததுதான். நாடகவியலாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்தது. 1876-ம் ஆண்டுச் சட்டத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து நாடாளுமன்றம் நீக்கியது 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரத்துச் சட்டத்தின் மூலம்தான்.

சட்டம் விதித்த தடையை நீக்க 141 ஆண்டுகள் ஆயின என்றால், சமூகம் விதித்த தடையை நீக்கவும் ஏறத்தாழ அதே காலம் ஆகியிருக்கிறது. பாக்பஜாரில் கிரீஷின் வீட்டை இடிக்காமல், சாலையே இருபுறமும் பிரிந்து செல்லும்படி வழிவிட்டிருக்கிறார்கள். அவர் பெயரில் அவென்யூவும், 1986-ல் மாநில அரசு திறந்த ‘கிரீஷ் மஞ்ச’ அரங்கமும் உண்டு. பினோதினிக்கு இருந்தது ‘என் கதை’ என்ற அவரது தன்வரலாறு மட்டுமே. அதற்குக் கிரீஷ் எழுதிய முன்னுரை உண்மைகள் சிலவற்றைத் தவிர்த்துவிட்டதாகக் கருதி, திருத்தித் தருமாறு அவர் குருவிடமே கேட்டார். திருத்தும் முன் கிரீஷ் மறைந்துவிட்டார்.

இப்போது பெயர் சூட்டப்பட்டிருப்பது பினோதினி மண் சுமந்த கட்டடத்துக்கு அல்ல. பீடன் வீதி அரங்கம் புதிய சாலைக்காக எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. ஹாத்திபாகான் அரங்கம் அவர் ஓய்வு பெற்ற பின் எழுந்தது. அதுவும் 1991-ல் தீக்கிரையாகி, மாநகராட்சியால் 2004-ல் மீட்டெடுக்கப்பட்டு, பெரும்பாலும் திரைப்படங்களுக்கே பயன்பட்டு வந்திருக்கிறது. பெயரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நாடகத்தைத் திருப்பிக் கொடுப்பதும், மேடையில் உழைப்போருக்கு அதன் வருவாயிலும் உரிமையிலும் பங்கு கிடைக்கச் செய்வதும் இன்னும் மீதமிருக்கும் கடன்கள்.